றால் தண்ணி, ஒரு மில்லி

ஒரு நாளைக்கு நூறு பேருக்காவது எழுதிக் குடுக்கிறன்:
காலமை ஒண்டு, இரவு ஒண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு.
கஸ்தூரியார் றோட்டுப் பாமசியில்
என்ர கையெழுத்துக்கு மறுபேச்சு இல்லை.
குருநகரில், என்ர குசினியில்,
மூண்டரைக் கிலோப் பூனை ஒண்டு
என்னை நம்பேல்லை.

பேர் சீமெந்து.
மதில் கட்டி மிஞ்சின வெறும் பையுக்குள்ள
தாய் ஈண்டுபோட்டுப் போனது.
நிறமும் அதுதான், பிடிவாதமும்.

வயித்தாலை போய் ஒரு கிழமை.
மிருக வைத்தியர் எழுதினது எனக்குத் தெரிஞ்ச குளிசை,
மனிசரே முகம் சுளிக்கிற சாதி.
"பத்து நாள். இடையில நிப்பாட்டாதேங்கோ."
நான் மற்றவைக்குச் சொல்லுற அதே வசனம்.
எனக்குச் சொல்லேக்கதான் நீளமாய்க் கேட்டுது.

சூடை மீனுக்குள்ள ஒளிச்சன்.
மீன் போச்சு, முள்ளும் போச்சு,
குளிசை மட்டும் கோப்பை நடுவில,
நக்கித் துடைச்சபடி.

இடிச்சுப் பாலில கரைச்சன்.
மணந்தான். என்னைப் பார்த்தான்.
பிறகு கோப்பையைச் சுத்தித் தரையைப் பிராண்டினான்,
பீயை மண் போட்டு மூடுறமாதிரி.

மூண்டாம் நாள் தம்பி றெக்ஸ்மன் பிடிச்சான்.
சுறா பிடிக்கிற கையாம்.
பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டில நுரை,
நெஞ்சில மூண்டு கோடு,
குளிசை எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது.

அண்டிரவு கட்டிலுக்குக் கீழ ரோச் அடிச்சன்.
இரண்டு பச்சை வெளிச்சம்.
அதுக்குள்ள நான் ஆரோ.

வைத்தியர் சிரிச்சார்.
"இரண்டு நாளைக்கு நான் ஊசி போடுறன்.
நீங்கள் அதுக்குள்ள சிறிஞ்சோட சிநேகிதமாக்குங்கோ."

றால் அவிச்ச தண்ணி. ஒரு மில்லி.
முதல் நிலத்தில ஒரு சொட்டு விட்டன்,
பிறகு குழாய் நுனியில.
சப்பாணி கட்டி இருந்து
முகத்தை அலுமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டன்.
கனநேரம்.
கால் விறைச்சுப் போச்சு,
அடுப்பில சோறு அடிப்பிடிச்சுது.
கையில ஏதோ ஈரமாய்ச் சுரண்டிச்சுது.

அடுத்த நாள் வாயோரம்,
கோரைப் பல்லுக்குப் பின்னால இருக்கிற சின்ன இடைவெளியில.
குடிச்சான். இன்னும் கேட்டான்.

ஆறாம் நாள் வெறுங் கப்சூலுக்குள்ள குளிசையை அடைச்சு
மேலால பட்டர் பூசினன்;
இது எனக்குத் தெரிஞ்ச தொழில்.
முதல் றால் தண்ணி, நடுவில கப்சூல், பிறகும் றால் தண்ணி,
தொண்டையில ஒட்டாமல் இறங்க.

ஏமாத்தினனோ?
எனக்கும் அந்தக் கேள்வி வந்தது.
ஆனா அவனுக்குத் தெரியும்.
கப்சூல் வரேக்க காது இரண்டும் பின்னுக்குப் போகும்,
கண்ணை இறுக்கி மூடுவான்,
பள்ளிக்கூடத்தில ஊசிக்குக் கைநீட்டுற பொடியள் மாதிரி.
ஓட வழி இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது.

எட்டாம் நாள் பாமசியில ஒரு தாய்,
இடுப்பில பிள்ளை,
"கசக்குமோ, மிஸ்?"
எப்பவும் சொல்லுறது: கொஞ்சம்.
அண்டைக்குச் சொன்னன்: ஓம், நல்லாய்க் கசக்கும்.
முதலிலயே பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ,
பிறகு ஒரு துண்டு பனங்கட்டி.
முதலாளி கண்ணாடிக்கு மேலால என்னைப் பார்த்தார்.

பத்து நாள் முடிஞ்சுது.
போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டன்.

பதினோராம் நாள் இரவு எட்டு மணி.
பிறிஜ் கதவு திறந்த சத்தம்.
சீமெந்து வந்து, அதே இடத்தில, வாலைச் சுத்தி இருந்தான்.
ஒரு காது முன்னுக்கு,
மற்றக் காது பின்னுக்கு,
எதுக்கும் தயாராய்.

"முடிஞ்சுதடா" எண்டன்.
அசையேல்லை.

றெக்ஸ்மன் கொண்டுவந்த றால் தலை
நாலைந்து கிடந்தது.
தண்ணி கொதிக்க வைச்சன்.